ஜப்பானிலை வயசுபோன ஆக்களோடை கரோக்கே பாட எந்தப் பாட்டுகளைப் பழகலாம்?

கொக்குவில் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போறதுக்கான மொழிச் சோதினை, பராமரிப்புச் சோதினை எல்லாம் பாஸ் பண்ணியிட்டன். சைத்தாமாவிலை ஒரு இல்லம் என்னை எடுத்திருக்கு. நேர்முகத்தின்ரை கடைசியிலை, "எங்கடை ஆக்களுக்குக் கரோக்கே எண்டால் உயிர், நீங்கள் பாடுவீங்களோ?" எண்டு கேட்டினம். ஓம் எண்டு சொன்னன். கோயிலிலை தேவாரம் பாடுறனான், வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினையும் ரெண்டு மூண்டு தரம் வரைக்கும் எடுத்திருக்கிறன். ஆனால் எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் பாட்டு முழுக்க அனிமேப் பாட்டு. எண்பது தொண்ணூறு வயசு ஆக்களுக்கு உது சரிவராது. போறதுக்கு முதல் நாலைஞ்சு பாட்டாவது வடிவாய்ப் பாடமாக்கோணும். அங்கை வேலை செய்யிற ஆராவது சொல்லித் தாங்கோ.

மட்டுவில் அக்கா எழுதியது:

தம்பி, நானும் உந்த வேலையிலை தான் இருக்கிறன், குன்மாவிலை. நேர்முகத்திலை பாட்டைப் பற்றிக் கேட்ட இடம் நல்ல இடமாய்த்தான் இருக்கும், சந்தோசமாய் வாங்கோ.

முதல் வயசுக் கணக்கைப் பாருங்கோ. இப்ப 85 வயசான ஆள் 1940 மட்டிலை பிறந்தவர். அவர் இளந்தாரியாய்த் திரிஞ்சது 1960 களிலை. எங்கடை அப்பாமாருக்கு இலங்கை வானொலியிலை கேட்ட பாட்டுகள் எப்பிடி நெஞ்சிலை நிக்குதோ, அவையளுக்கும் அந்த வயசிலை கேட்டதுதான் நிக்கும். ஆனபடியால் 1955 க்கும் 1980 க்கும் இடையிலை வந்ததைத் தேடுங்கோ.

எல்லாத்துக்கும் முதல் "உஎ ஓ முய்தே அருகோ". சகாமோத்தோ கியூ 1961 இலை பாடினது. அமெரிக்காவிலை "சுகியாகி" எண்ட பேரோடை வெளிவந்து 1963 இலை பில்போர்ட் பட்டியலிலை முதலாமிடத்துக்கு வந்த பாட்டு. கண்ணீர் சிந்தாமல் இருக்க மேலை பார்த்துக்கொண்டு நடப்பம் எண்டு தொடங்கும். நடுவிலை ஒரு விசில் வரும். எங்கடை இல்லத்திலை கதையே குறைஞ்சுபோன ஒரு அப்பு இருக்கிறார். அந்த இடம் வரேக்கை வாயைக் குவிப்பார். காத்துத்தான் வரும், ஆனால் தாளம் ஒருக்காலும் பிசகாது. அந்த இடத்திலை நான் மைக்கை அவரிட்டைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிப்பன்.

ரெண்டாவது "கிதாகுனி நோ ஹரு" (வடநாட்டு வசந்தம்), சென் மசாவோ பாடினது, 1977. ஊரைவிட்டுப் பட்டினத்திலை இருக்கிற மகனுக்கு, அங்கை பருவம் மாறுறது தெரியாதெண்டு தாய் ஒரு சின்னப் பொதி அனுப்புறா. ஊருக்குத் திரும்பிப் போவமோ எண்டு அவன் நினைக்கிறான். வீட்டிலை இருந்து மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் வந்த அண்டைக்கு நான் இதைப் பாடினன். ஆச்சிமாருக்கு என்ரை முகத்தைப் பார்த்தே விளங்கியிட்டுது. அதுக்குப் பிறகு அது "உன்ரை பாட்டு" எண்டு ஆகிப்போச்சு, அவையளே போடச் சொல்லிக் கேப்பினம். வீட்டை நினைச்சுக்கொண்டு வேலை செய்யிற எங்களை மாதிரி ஆக்கள் இதை மனசாரப் பாடலாம். அது அவையளுக்குத் தெரியும்.

கதிரையிலை இருந்தபடி கையைக் காலை ஆட்டிறதுக்கு "தங்கோ பூஷி" நல்லது. ஃபுக்குவோக்காப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின்ரை பாட்டு. தோண்டுறது, தோளிலை சுமக்கிறது, வண்டி தள்ளுறது எண்டு எல்லாம் ஆட்டத்திலை வரும். நீங்கள் வரியைப் பாட, அவையள் "யொய் யொய்" எண்டு எடுப்பினம். சுயிசென்ஜி கியோகோவின்ரை "சன்பியாகுரொகுஜூகோ-ஹோ நோ மாச்சி"யும் (1968) அப்பிடித்தான், இருந்த இடத்திலை கால் மிதிக்கலாம்.

ஞாபகம் மங்கின ஆக்களுக்கு மேலை சொன்ன பாட்டுகள் பிடிபடாமலும் போகலாம். அவையளுக்குப் பள்ளிக்கூடப் பாட்டுகள் தான். 1914 இலை வந்த "ஃபுருசாதோ", பிறகு "அகதொம்போ" (சிவப்புத் தும்பி), "யூயாகே கொயாகே". பிள்ளையளின்ரை பேர் மறந்த ஒரு ஆச்சி ஃபுருசாதோவின்ரை மூண்டு சரணத்தையும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பாடுவா. நான் இந்த வேலையிலை இன்னும் நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பாடுற விதம் தான் பெரிய விசயம். நீங்கள் பாடகராய்ப் போக வேண்டாம். முதல் வரியை எடுத்துக் குடுத்திட்டுக் குரலைக் குறையுங்கோ, அவையள் மேலை வரட்டும். மெசினிலை கீ எண்டு ஒரு பொத்தான் இருக்கும், ஒரு அமத்தலுக்கு அரைச்சுருதி இறங்கும். வயசுபோன குரலுக்கு ரெண்டு மூண்டு தரம் இறக்கினால் தான் மூச்சு எட்டும். வேகத்தையும் குறைக்கலாம். பாட்டு வரியளைப் பெரிய கடதாசியிலை பெரிய எழுத்தாய் எழுதிச் சுவரிலை ஒட்டுங்கோ, திரையிலை ஓடுற எழுத்து கனபேருக்குத் தெரியாது. ஏலுமெண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முதல் பாடுங்கோ. பல இல்லங்களிலை சாப்பிட முதல் "பா த கா ரா" எண்டு வாய்ப் பயிற்சி செய்விக்கிறவை, நாக்கும் உதடும் அசைஞ்சால் விழுங்கிறது சுகம். பாட்டிலையும் அதே அசைவுதான்.

நல்லூர் சுருதிப்பெட்டி எழுதியது:

தம்பி, நான் இளைப்பாறின சங்கீத ரீச்சர். பிள்ளை சொன்ன பாட்டுகளை யூடியூப்பிலை போட்டுக் கேட்டன். அகதொம்போவும் கிதாகுனியும் ச ரி க ப த, அஞ்சு ஸ்வரத்துக்குள்ளை தான் நிக்குது. அதாவது எங்கடை மோகன ராகம். மோகனத்திலை ஒரு கீதம் படிச்ச உமக்கு மெட்டு ஒரு பின்னேரத்திலை வந்திடும். ஃபுருசாதோவிலை மத்திமமும் நிஷாதமும் வருது, சங்கராபரண ஸ்வரங்கள். அதுவும் அகதொம்போவும் மூண்டு மூண்டு எண்ணிக்கை, தாளத்தை அப்பிடியே கையிலை போட்டுப் பழகும்.

ஒண்டை மட்டும் கவனமாய் வைச்சிரும். பள்ளிக்கூடப் பாட்டுகளிலை கமகம் சேர்க்க வேண்டாம். ஸ்வரம் நேராய் நிக்கவேணும், இல்லாட்டி கூடப் பாடுற ஆச்சிமார் தடுமாறுவினம். கிதாகுனி போன்ற என்கா எண்ட ஜப்பான் மெல்லிசை வகைப் பாட்டுகளிலை அவையளே குரலை உருட்டிப் பாடினம், அங்கை உம்முடைய பிருகாப் பயிற்சி உதவும்.

நெடுந்தீவு மகள் எழுதியது:

நான் ககவாவிலை இருக்கிறன். "செத்தோ நோ ஹனயோமே"யை விட்டிட்டீங்களே! கொயனாகி ருமிகோ, 1972. இங்கத்தைச் செத்தோ உள்நாட்டுக் கடலிலை ஒரு தீவிலை இருந்து இன்னொரு தீவுக்குப் பொம்பிளை கலியாணம் முடிச்சுப் படகிலை போறா, தம்பிக்காரன் அழுறான். அந்தக் கடலுக்கு மேலாலை போற செத்தோப் பெரும்பாலம் 1988 இலை தான் திறந்தது, இங்கத்தை ஆச்சிமார் கனபேர் கடல் கடந்து வாழ்க்கைப்பட்ட ஆக்கள். குறிகட்டுவானிலை படகேறிப் பழகின எனக்கு இதைப் பாடேக்கை தொண்டை அடைக்கும். சைத்தாமாவிலையும் எல்லாருக்கும் தெரியும், நம்பிப் பழகுங்கோ.

ஒசாக்கா சிவா எழுதியது:

மிசோரா ஹிபாரியின்ரை "கவா நோ நகரே நோ யோ நி" இல்லாமல் என்ன பட்டியல்? 1989 இலை அவ சாகிறதுக்குக் கொஞ்ச மாதம் முதல் வந்த பாட்டு. எந்த இல்லத்திலை போட்டாலும் எல்லாரும் அமைதியாய் இருந்து கேப்பினம்.

மட்டுவில் அக்கா எழுதியது:

சிவா அண்ணை, பாட்டு அருமை, மறுக்கேல்லை. ஆனால் கீழையும் மேலையும் நல்லாய்ப் போற மெட்டு, புதுசாய் வாற பொடியனுக்குப் பாரம். அதோடை, எல்லாரும் அமைதியாய் இருந்து கேக்கிறது எனக்கு வேண்டாம், எல்லாரும் வாய் திறக்கோணும். அதை ஒரு ஆச்சியைப் பாடச் சொல்லித் தம்பி கைதட்டட்டும்.

கொக்குவில் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. ரீச்சர், மோகனம் எண்டு சொன்ன உடனை பயம் போட்டுது. அக்கா, எப்பவாவது ஒரு தமிழ்ப்பாட்டுப் பாடினால் பிழையோ?

மட்டுவில் அக்கா எழுதியது:

பிழையே இல்லை, அவையளே கேப்பினம். முதல் மாதம் அவையளின்ரை பாட்டைப் பாடி முடியுங்கோ, பிறகு ஒரு தாலாட்டுப் பாடுங்கோ. பாசை விளங்காட்டியும் தாலாட்டெண்டு கண்டுபிடிப்பினம். எந்த மாதம் வாறீங்கள்? இங்கை பருவத்துக்குத்தான் பாட்டு. இலையுதிர் காலமெண்டால் அகதொம்போவை முதல் பழகுங்கோ, கிதாகுனி வசந்தத்துக்கு.

கொக்குவில் பொடியன் எழுதியது:

ஒக்டோபர் எண்டு சொல்லியிருக்கினம் அக்கா. அப்ப அகதொம்போ தான், இண்டைக்குப் பின்னேரமே தொடங்கிறன்.