பழைய உபுண்டுவில் ரஸ்ட் பைனரி ஓடவில்லை, யாராவது கைகொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. ரஸ்ட் நிரல்மொழியில் ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவி எழுதி, கம்பைல் செய்த பைனரியை (நேரடியாக ஓடும் கோப்பை) அப்படியே நண்பர்களுக்கு அனுப்பினேன். என் உபுண்டு லினக்ஸ் 22.04 பதிப்பில் ஜோராக ஓடுகிறது. பழைய 20.04 பதிப்பு வைத்திருப்பவருக்கோ, திறந்த உடனே "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்று பிழை. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்; அவரிடம் இருப்பது அதன் 2.31 பதிப்பு.

சரி, ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் நூலகத்தின் டார்கெட்டில், தேவையான நூலகங்கள் பைனரிக்குள்ளேயே அடங்கும்படி ஸ்டாட்டிக்காகக் கட்டிவிடலாம் என்று போனால், ஓபன்எஸ்எஸ்எல் கிரேட் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான ரஸ்ட் தொகுப்பு) பாதியில் மக்கர் செய்கிறது. அதற்கு, ஓபன்எஸ்எஸ்எல்லையும் சேர்த்தே கம்பைல் செய்யும் வெண்டர்டு ஃபீச்சரைப் போட்டால் போதுமா, இல்லை அதற்கு மாற்றாக ரஸ்டில் எழுதப்பட்ட ரஸ்ட்எல்எஸ்ஸுக்கே மாறிவிடட்டுமா? 20.04 டாக்கருக்குள் (என் கணினியிலேயே தனியாக ஓடும் பழைய உபுண்டு சூழலில்) கம்பைல் செய்வதும் ஒரு வழிதான், ஆனால் என் பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். அவரவர் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ள, ரஸ்டின் கார்கோ இன்ஸ்டால் கட்டளையைப் போடச் சொல்லலாம் என்றால், பாதிப் பேரிடம் ரஸ்டே இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.