புதுப்பிப்பு: ஞாயிறு பள்ளி ஊழியத்தை விடலாமா என்று கேட்டிருந்தேன்

சபையின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுக்கொடுக்கும் ஊழியத்தை விடும் எண்ணம் தேவனிடமிருந்து வருகிறதா, வெறும் களைப்பா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு விடவில்லை.

மிகவும் உதவியது, இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கக் குரு லொயோலா இஞ்ஞாசியாரின் 16ஆம் நூற்றாண்டு அறிவுரையை ஒருவர் எடுத்துச் சொன்னதுதான்: மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக்கூடாது. என் எண்ணமும் அப்படி வறண்ட நேரத்தில்தான் வருகிறதா என்று பார்க்க, இரவில் படுக்கும் முன் அன்றைய நாளை ஜெபத்தோடு திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். விடும் எண்ணம் வந்ததெல்லாம் ஜெபிக்க நேரமில்லாமல் ஓடிய நாட்களில்; பிள்ளைகளோடு உட்கார்ந்து வசனம் படித்த நாட்களில் அது தலைகாட்டவே இல்லை. ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து’ என்று பவுல் சொல்வதில் (1 தெசலோனிக்கேயர் 5:21) நம் சோர்வும் அடங்கும் என்றே நம்புகிறேன்.

அப்புறம், போதகரிடமும் பேசினேன். சில வகுப்புகளை இன்னொரு அக்கா எடுத்துக்கொள்கிறார்.