‘ரிசர்வேஷன்’: ஷையான் கட்டுரைக்கு ஒரு கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவில் தொல்குடிகளுக்கென்று வரையறுத்த நிலத்தை ஆங்கிலத்தில் ‘ரிசர்வேஷன்’ என்கிறார்கள். ஷையான் என்ற தொல்குடியைப் பற்றிய நம் கட்டுரையில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

> ‘காப்பகம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? செய்தித்தாள்களில் பழகிய சொல்தானே?

ஐயா, பழகிய சொல்தான். எங்கே பழகியது? புலிகள் காப்பகம், முதியோர் காப்பகம். காப்பகத்தில் இருப்பவரை இன்னொருவர் காக்கிறார். வெளியே விடுவதும் விடாததும் அவர் கையில். மொன்டானாவின் தென்கிழக்கில் வாழும் வட ஷையான் மக்களின் நிலத்துக்கு இதைச் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘ஒதுக்கீடு’ வேண்டவே வேண்டாம். நம் வாசகர் கல்வி, வேலைவாய்ப்பு என்றுதான் படிப்பார்.

அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லை வைப்போம். சுமார் 4,44,000 ஏக்கர். லேம் டியர் ஊரில் அவர்களே தேர்ந்தெடுத்த மன்றம், அவர்களுடைய நீதிமன்றம், 1975இல் தொடங்கிய சீஃப் டல் நைஃப் கல்லூரி. மண்ணுக்கடியில் ஏராளமான நிலக்கரி. பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்த குத்தகை உரிமங்களை ரத்துசெய்யுமாறு 1973இல் மன்றம் மத்திய அரசிடம் கோரியது. வடக்கே கோல்ஸ்ட்ரிப்பில் புதிய அனல்மின் அலகுகள் வரவிருந்த நேரத்தில், 1977இல், தங்கள் காற்றுக்குப் பெரிய தேசியப் பூங்காக்களுக்குரிய தூய்மைத் தரத்தைக் கேட்டுப் பெற்றார்கள். அமெரிக்கத் தொல்குடிகளில் அவர்களே முதல். தங்கள் காற்றுக்கும் வரம்பு வகுத்தவர்களைக் காப்பகத்தில் வைப்பதா?

ஆகவே என் பரிந்துரை: தொல்குடி ஆள்புலம். ‘ஆள்புலம்’ இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் சொல். எல்லையும் ஆட்சியும் அதில் சேர்ந்தே வருகின்றன.

> அடைத்து வைத்த வரலாறு அதில் மறைந்துவிடாதா?

நியாயமான கேள்வி. வட ஷையான்களை அமெரிக்க அரசு தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பியிருந்தது. அங்கிருந்து தப்பி வடக்கே வந்து, திரும்பிப் போக மறுத்தவர்களை நெப்ராஸ்காவின் ஃபோர்ட் ராபின்சன் படைமுகாமில் பூட்டி, உணவையும் விறகையும் நிறுத்தினார்கள். 1879 ஜனவரி 9 இரவு அவர்கள் ஜன்னல் வழியே குதித்து ஓடினார்கள், பலர் சுடப்பட்டார்கள். அந்த நினைவில் ஜனவரிதோறும் ஷையான் இளையோர் நெப்ராஸ்காவிலிருந்து ஏறத்தாழ 400 மைல் தொடரோட்டமாக மொன்டானா வருகிறார்கள். முன்னோர் உயிரைக் கொடுத்து வந்துசேர நினைத்த ஊர் அது. அதற்குச் சிறையின் சாயலில் பெயர் வேண்டாம். அடைத்த கதையைக் கட்டுரையின் வாக்கியங்கள் சொல்லட்டும்.

ஒக்லஹோமாவின் தென் ஷையான்கள் நிலை வேறு. ஆளுக்கு 160 ஏக்கர் பிரித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை 1892இல் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே ‘முன்னாள் ஆள்புலம்’ என்று எழுதலாம்.

இந்த 160 ஏக்கருக்கும் ஒரு சொல் தேவை. ‘பட்டா நிலம்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அரசின் பொறுப்பில் இருந்ததால் உரியவர் அதை விற்க முடியாது. பட்டா என்றால் வாசகர் முழு உரிமை என்று நினைப்பார். ‘பங்குநிலம்’ சரிவருமா? நிலவரித் துறையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.