எருவோடு வந்த களை

கோப்பாய்ச் சித்தப்பா: (படம்)

கோப்பாய்ச் சித்தப்பா: எல்லாரும் இதைப் பாருங்கோ. வெங்காயத்துக்குப் போட ஒரு லோட் எரு இறக்கினேன். இப்போது குவியலைச் சுற்றி இது முளைத்து நிற்கிறது. கரட் இலை மாதிரி இருக்கு.

தங்கச்சி: சித்தப்பா, அது பார்த்தீனியம்! பூத்துவிட்டதா?

கோப்பாய்ச் சித்தப்பா: ஓம் பிள்ளை, இரண்டு மூன்றில் பொட்டுப் பொட்டாய் வெள்ளைப் பூ.

தங்கச்சி: அப்படியென்றால் இன்றைக்கே பிடுங்க வேண்டும். ஒரு செடி 25,000 விதை வரை போடும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். எருவோடும் மணலோடும் உழவு மெசின் சில்லில் ஒட்டிய சேற்றோடும் ஊர் ஊராகப் போகிறது.

இணுவில் மாமி: எங்கள் ஒழுங்கையிலும் மதிலோரம் நிற்கிறது. போன மாரியில் வெறுங்கையால் பிடுங்கிவிட்டு முழங்கை வரை சொறிந்துகொண்டு திரிந்தேன்.

தங்கச்சி: ஐயோ மாமி, கையுறை போடாமல் தொடவே கூடாது. தோலுக்கும் கூடாது, முட்டு வருத்தம் (ஆஸ்மா) இருக்கிறவர்களுக்கு அதைவிடக் கூடாது. மாடு தின்றால் பாலும் கைக்கும்.

கோப்பாய்ச் சித்தப்பா: இந்தியன் ஆமி வந்த காலத்துக்கு முன்னம் இதை நான் கண்டதில்லை. அவர்கள் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

தங்கச்சி: இந்தியாவுக்கும் அது வந்தேறிதான் சித்தப்பா. சொந்த இடம் மெக்சிக்கோப் பக்கம். 1950களில் அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகச் சொல்கிறார்கள். முதலில் கண்டது புனேயில்.

யேர்மனி அண்ணா: இப்போதுதான் வேலை முடிந்து பார்க்கிறேன். இங்கே ஐரோப்பாவிலும் இதே தலையிடிதான். வெளியிலிருந்து வந்த செடி, பூச்சி, விலங்கு என்று 12,000க்கு மேல் கணக்கெடுத்திருக்கிறார்கள். எல்லாமே கெடுதல் இல்லை, பத்தில் ஒன்று அளவுதான் பெருகி நாசம் செய்கிறது. அதற்கே வருஷத்துக்கு 1,200 கோடி யூரோ போகிறது என்று ஐரோப்பிய ஆணைக்குழு சொல்கிறது.

யேர்மனி அண்ணா: 2016இல் 37 இனங்களுக்குத் தடை போட்டார்கள். 2022இல் அது 88. அந்த முதல் பட்டியலிலேயே சித்தப்பாவின் பார்த்தீனியமும் இருக்கு. எங்கள் காகமும் இருக்கு.

இணுவில் மாமி: காகமா? சனிக்கிழமை நாங்கள் சோறு வைக்கிற காகமா தம்பி?

யேர்மனி அண்ணா: அதே காகம்தான் மாமி. 1994இல் கப்பலோடு கப்பலாக நெதர்லாந்துத் துறைமுகம் ஒன்றுக்கு இரண்டு வந்து சேர்ந்தன. பிறகு குஞ்சு பொரித்துப் பெருகின. மற்றக் குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்று அவற்றை அழிக்க முடிவெடுத்தார்கள்.

இணுவில் மாமி: பாவம், அதுவாகவா கேட்டுப் போனது?

யேர்மனி அண்ணா: அதுதான் மாமி எனக்கும் மனவருத்தம். கொண்டுபோவது மனிசர், சாவது அது. இங்கே ரக்கூன் என்கிற வட அமெரிக்க விலங்கும் அப்படித்தான். 1934இல் ஏடர் ஏரிப் பக்கம் இரண்டு சோடியை வேண்டுமென்றே காட்டில் விட்டார்கள். இன்றைக்குக் காசல் நகரத்தில் கூரைக்குள்ளும் குப்பைத் தொட்டிக்குள்ளும் அதுதான். இனி ஒன்றும் செய்ய ஏலாது. ஆசிய குளவி 2004இல் பிரான்சில் கண்டது, 2014இல் யேர்மனிக்கும் வந்துவிட்டது. தேனீக் கூட்டு வாசலில் பறந்தபடியே நின்று, வருகிற தேனீயைப் பிடித்துத் தின்னும்.

இணுவில் மாமி: சரி, நான் ஒன்று கேட்கவேண்டும். தெரிந்த வீட்டுத் தொட்டியில் ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரை வடிவாய் நிற்கிறது. இரண்டு கண்டு தாறம் என்றார்கள். வாங்கட்டா?

தங்கச்சி: வேண்டாம் மாமி! அது அமேசன் பக்கத்துச் செடி. அதைத் தடுக்க இலங்கையில் 1909இலேயே சட்டம் போட்டார்கள். தொட்டி நிறைந்ததும் என்ன செய்வீர்கள்? யாராவது கொண்டுபோய்க் குளத்தில் போடுவார்கள். மாரியில் குளம் வழிந்தால் வாய்க்கால் முழுக்க அதுதான்.

யேர்மனி அண்ணா: ஸ்பெயினில் குவாடியானா ஆற்றை அது மூடிவிட்டது. 2005 முதல் 2008 வரை கிட்டத்தட்ட 2 லட்சம் தொன் அள்ளினார்கள், 1.4 கோடி யூரோவுக்கு மேல் செலவு. அப்படியும் அடியோடு போகவில்லை. பணக்கார நாட்டுக்கே அந்த நிலை. எங்கள் குளங்களை ஆர் அள்ளுவது?

இணுவில் மாமி: சரி பிள்ளைகள், வேண்டாம். எங்கள் ஊர் அல்லியே போதும்.

கோப்பாய்ச் சித்தப்பா: பிடுங்கியாயிற்று. பூத்ததை முதலில் பொலித்தீன் பையால் மூடிவிட்டுத்தான் வேரோடு இழுத்தேன். எல்லாம் உரப்பைக்குள் போட்டுக் கட்டியிருக்கு. காய்ந்ததும் கொளுத்துகிறேன். எரு கொண்டுவந்த தம்பியிடம் எந்தப் பட்டியில் ஏற்றியது என்று கேட்டேன், நாளைக்கு நேரே போய்ப் பார்க்கப் போகிறேன். அங்கே நின்றால் இன்னும் எத்தனை தோட்டத்துக்குப் போயிருக்குமோ தெரியாது.

தங்கச்சி: கட்டாயம் போங்கோ சித்தப்பா. அந்த எருவை இப்போதைக்குப் பாத்தியில் போடவேண்டாம், நனைத்து மூடி வையுங்கோ. மழை பெய்தால் மூன்றாம் நாளே குவியலடியைப் பாருங்கோ, குஞ்சுச் செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடலாம்.