1493 என்று குத்திய தபால்தலை, இது யார் முகம்?

பழைய கிராணி (சுங்கை சிப்புட், மலேசியா):
31 வருடம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேடு எழுதியவன் நான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, துரை பங்களாவில் குப்பைக்குப் போக இருந்த தபால்தலை ஆல்பம் என் கைக்கு வந்தது. அதில் ஒன்று ஐரோப்பாவில் உள்ள மாண்டினீக்ரோ நாட்டுடையது. மீசைக்காரர் முகத்தின் மேலேயே 1493, 1893 என்று குத்தியிருக்கிறது. 1493இல் ஆண்டவர் இவர்தானா? கூகளில் பார்க்கிறேன் என்று போன பேரனை இன்னும் காணோம்.

பால்மரம் (தாப்பா):
இல்லை ஐயா. முகம் 1860இல் பட்டத்துக்கு வந்த நிக்கோலாவுடையது. அந்த நாட்டுக்கு அச்சகம் வந்து 400 ஆண்டு ஆனதற்காகப் பழைய தபால்தலையின் மேலேயே குத்திவிட்டார்கள்.

1493இல் அங்கே ஆண்டது செர்னோயெவிச் குடும்பம். நாட்டுக்கு அப்போது ஜெத்தா என்று பெயர். தந்தை இவானின் கோட்டை ஸ்காதர் ஏரிப் பக்கம், ஜாப்ளியாக்கில் இருந்தது. துருக்கியர் நெருக்கவே மலையேறி, 1482இல் செத்தினியேயில் குடியேறினார். 1484இல் அங்கே மடாலயம் கட்டினார். மகன் ஜுராஜ் அச்சகம் வைத்தார். மக்காரியே என்ற துறவி 1494 ஜனவரியில் அச்சிட்டு முடித்த நூல், எட்டு இசைமுறையில் பாடும் துதிப்பாடல்களின் முதல் பாகம். நம் தேவாரத்தைப் பண்முறையில் வகுத்த மாதிரி. கறுப்பு, சிவப்பு என இரண்டு மை! செர்பியர் போன்ற தென் ஸ்லாவியரிடையே சிரிலிக் எழுத்தில் (ரஷ்ய மொழி எழுதும் எழுத்து வகை) அச்சான முதல் நூல் அதுதான்.

செம்பனை:
கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சானதே 1578இல்தான். ஆட்டு மந்தை மேயும் மலை நாடு நம்மை 84 வருடம் முந்திவிட்டதே!

பழைய கிராணி:
நன்றி தம்பி. அப்புறம் அந்தக் குடும்பம் என்ன ஆனது?

பால்மரம்:
ஜுராஜ் 1496இல், மனைவியின் ஊரான வெனிசுக்குப் போய்விட்டார். 1499இல் நாடு துருக்கியர் கையில். பிணையாக இஸ்தான்புல் போன தம்பி ஸ்தானிஷா, முஸ்லிமாகி ஸ்கெந்தர் பேக் என்ற பெயரோடு 1514இல் சுல்தானின் ஆளுநராக அதே மலைக்குத் திரும்பி வந்தார்.

பழைய கிராணி:
அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கோட்டையை விட்டு மலையேறியவர் முதலில் மடாலயம் கட்டினாரே, அது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்களைத் தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (புது வீடமைப்புப் பகுதிக்கு) அனுப்பிய அன்று, லாரியில் முதலில் ஏறியது மாரியம்மன் கோயில் சூலம். கட்டில், பீரோவெல்லாம் மழையில் நனைந்துகொண்டு நின்றன.

சரி, இந்தத் தலை ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் 1493 அழிந்துவிடுமா?