செயின்ட் ஜான்ஸ் தீவு பக்கம் பார்த்தது டால்பினா? ஏன் இளஞ்சிவப்பு?

பூன்லே அம்மா:
சனிக்கிழமை பிள்ளைகளோடு மரினா சவுத் பியரிலிருந்து ஃபெரியில் போனோம். தீவை நெருங்கும்போது தண்ணீருக்கு மேலே மூன்று முதுகுகள். இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று சாம்பல். துள்ளல் எதுவும் இல்லை. முதலில் நீண்ட மூக்கு, அடுத்து வளைந்த முதுகு, உடனே முங்கிவிட்டன. சாம்பல்தான் அப்பாவாம், சின்னவன் தீர்ப்பு சொல்லிவிட்டான். ஏன் இந்த நிறம்? நம் சிங்கப்பூர்க் கடல் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மாதிரி கலங்கிக் கிடக்கிறது, அதில் எப்படி இரை தேடும்? தூங்கவும் செய்யுமா?

இஞ்சின்ரூம்காரன்:
அக்கா, கப்பல்களை இழுக்கும் டக்போட்டில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கம் நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற மூக்கும் முதுகும் நிறமும் இந்தோ-பசிபிக் கூன்முதுகு டால்பினுக்குத்தான் பொருந்தும். கரையோர ஆழமில்லாத கடலில் வாழ்வது. துள்ளி ஆட்டம் காட்டுவதும், படகின் முன்னலையில் ஏறி வருவதும் பாட்டில்மூக்கு டால்பினின் வேலை. இது படகை அதிகம் கண்டுகொள்ளாது.

சின்னவன் தீர்ப்பைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பிறக்கும்போது கருஞ்சாம்பல், வளர வளரப் புள்ளி விழுந்து அந்த நிறமி குறையும். ஆகவே சாம்பல்தான் வீட்டுக்குச் சின்னது. இளஞ்சிவப்பு என்பது சாயம் இல்லை, வெளிறிய தோலுக்கு அடியில் ஓடுகிற இரத்தம். உடம்புச் சூட்டை வெளியேற்ற அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும்போது இன்னும் சிவக்கும்.

இரை தேடுவது சத்தத்தால். கண்ணும் தெரியும்தான், ஆனால் இந்தத் தண்ணீரில் கண்ணை நம்பினால் பட்டினிதான். தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளைக்குக் கீழே 'கிளிக்' ஒலியை உண்டாக்கி, நெற்றியில் இருக்கும் கொழுப்பு மேடு வழியாகக் குவித்து முன்னால் அனுப்பும். எதிரொலி கீழ்த்தாடைக் கொழுப்பு வழியாக உட்காதுக்குப் போகும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். ஒரு கிளிக்கின் எதிரொலி வந்த பிறகே பெரும்பாலும் அடுத்ததை விடும். மீனை நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கி, கடைசியில் ஒரே ரீங்காரமாகிவிடும்.

இதில் எங்கள் தொழிலும் குறுக்கே வருகிறது. புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றினால் தண்ணீரில் குமிழ் கிளம்பி உடையும். கேவிட்டேஷன் என்போம். இரும்புத் தகட்டையே அரித்துவிடும், பெரிய இரைச்சல். டால்பின்கள் ஒன்றையொன்று கூப்பிடும் விசிலை அந்த இரைச்சல் மூடிவிடலாம். வேகத்தைக் குறைத்தால் இரைச்சலும் குறையும். அப்படியிருக்க, வீடியோவுக்காக ஸ்பீட்போட்டை முறுக்கிக்கொண்டு துரத்துகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும்.

தூக்கமா? மூச்சு நமக்குப் போலத் தானாக நடக்காது, ஒவ்வொரு முறையும் நினைத்து மேலே வர வேண்டும். அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். பிறகு முறை மாறும்.

தெம்பனீஸ் மாமா:
செந்தோசா அண்டர்வாட்டர் வோர்ல்ட் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் இந்தச் சிவப்பு டால்பின்கள் இருந்தன, 2016இல் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆசை அடங்காவிட்டால் கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், பூன் லேயிலிருந்து தூரமில்லை. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக் கடலில் இறந்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் 10.6 மீட்டர் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. அதுவும் பல் உள்ள திமிங்கில வகை, கிளிக் விட்டுத்தான் இரை தேடும்.

பூன்லே அம்மா:
நன்றி தம்பி, நன்றி மாமா. சாம்பல்தான் சின்னது என்றதும் என் மகனுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. அடுத்த முறை பார்த்தால் என்ன செய்யட்டும்?

இஞ்சின்ரூம்காரன்:
முதுகுத் துடுப்பைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். அதிலுள்ள வெட்டு, தழும்பு, புள்ளியை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் இது இன்ன டால்பின் என்று பிரித்தறிகிறார்கள். தேதி, நேரம், எந்தத் தீவுப் பக்கம், எத்தனை என்பதையும் குறித்து வையுங்கள். அப்போது ஃபெரியில் உள்ள கூட்டம் முழுக்க ஒரே பக்கம் ஓடும், சின்னவன் கையை விடாதீர்கள்.