‘லீஸ்டு டெரிட்டரி’: குத்தகையா, ஒற்றியா?

செ.:
சீனத் துறைமுகமான வெய்ஹாய்வெய் பற்றிய பதிவு வெள்ளிக்குள் அச்சுக்குப் போகிறது. அதில் வரும் ‘லீஸ்டு டெரிட்டரி’க்குத் தமிழ்ச்சொல் வேண்டும். ‘குத்தகை நிலம்’ என்றால் நெல்வயல் கண்ணில் வருகிறது. பிரிட்டன் வாங்கியதோ கடற்படைத் துறைமுகம், லியூகுங் தீவு, கரையோரமாகப் பத்து மைல் அகலப் பட்டை, ஆளும் உரிமையோடு. மதிலுக்குள் இருந்த பழைய நகரம் மட்டும் சீன அதிகாரத்தில். தியான்ஜினில் இருந்த ‘கன்செஷன்’, அதாவது சீன நகருக்குள் வெளிநாட்டார் நிர்வகித்த குடியிருப்பு, வேறு வகை. அதற்கும் இதே சொல் ஆகாது.

இரா.:
குத்தகை என்றால் பணமோ நெல்லோ அளக்க வேண்டும். 1898 ஜூலை 1 உடன்படிக்கையில் வாடகைப் பேச்சே இல்லை. காலமும் ‘போர்ட் ஆர்தர் (இன்னொரு சீனத் துறைமுகம்) ரஷ்யாவிடம் இருக்கும்வரை’ என்பதுதான். ‘ஒற்றிநிலம்’ என்போம், நல்ல தமிழ். குத்தகை தமிழா என்பதே ஐயம். தெலுங்கில் குத்த, கன்னடத்தில் குத்திகெ.

கு.:
குத்துமதிப்பில் வரும் ‘குத்து’தான் அது, மொத்தமாக என்று பொருள். எங்கிருந்தும் வரவில்லை. ஒற்றி என்றால் கடனுக்கு ஈடாக நிலத்தை விடுவது, அதற்குக் கடன் வேண்டுமே? அது பொருந்துவது முந்தைய குடியிருப்பாளருக்கு: 1895-இல் தோற்ற சீனா தரவேண்டிய போர் இழப்பீடு தீரும்வரை ஜப்பான் வெய்ஹாய்வெய்யைப் பிடித்து வைத்திருந்தது, 1898 மேயில் பணம் தீர்ந்ததும் போயிற்று.

இரா.:
கடைசித் தவணையைத் தீர்த்ததே ஆங்கில-ஜெர்மன் கடன்தான்!

கு.:
அதற்கு ஈடு சுங்கமும் லிகின் என்ற உள்நாட்டுச் சரக்கு வரியும், துறைமுகம் அல்ல. திருவொற்றியூர் வரை போகாதீர்கள், ஐயா.

மு.:
சீன மொழியில் ‘கன்செஷன்’ சூஜியெ, ‘லீஸ்டு டெரிட்டரி’ சூஜியெ-தி. ‘ஜியெ’ ஒலி ஒன்றே, எழுத்து வேறு: முன்னதில் எல்லை, பின்னதில் இரவல். ‘இரவல் நிலம்’ எப்படி? 1930 அக்டோபர் 1-இல் திருப்பித் தந்தபோதும் லியூகுங் வசதிகளைப் பத்தாண்டுக்குக் கடற்படை இரவலாகவே வைத்துக்கொண்டது.

கு.:
இரவல் கேட்டு வாங்குவது. இங்கே போர்க்கப்பல் வந்து கேட்டது. ரஷ்யா 1905-இல் போர்ட் ஆர்தரை ஜப்பானிடம் விட்டது. நிபந்தனை போன பிறகும் பிரிட்டன் 25 ஆண்டு காலி செய்யவில்லை. நம் ஊர்க் குத்தகைக்காரர்தான்! இலங்கை சீன நிறுவனத்துக்கு விட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கும் செய்தித்தாள்கள் ‘99 ஆண்டு குத்தகை’ என்றே எழுதின.

இரா.:
அங்கே பணம் கைமாறியது.

செ.:
‘குத்தகை ஆட்சிப்பகுதி’ என்று போடுகிறேன். சீனாவில் ஜெர்மனி எடுத்த கியாவ்சௌவுக்கும் (99 ஆண்டு) பிரான்ஸ் எடுத்த குவாங்சௌவானுக்கும் இதுவே. ‘கன்செஷ’னுக்குச் ‘சலுகைக் குடியிருப்பு’.

இரா.:
போடுங்கள். ‘ஒற்றி’யை அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள்.